பின் கதவுச் சத்தம்

ஜனவரி 19, ஞாயிறு

வண்டியை விற்றுவிடலாம் என்று இவர் இன்று சொன்னார். கழுவி முடித்து, வாளியைக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே சொன்னார். தீபாவளிக்குப் பிறகு நானே பலமுறை எடுத்து, பதில் வராமல் விட்ட பேச்சு. ஏன் இப்போது என்று கேட்கவில்லை. கேட்டால் யோசிப்பார். யோசித்தால் வேண்டாம் என்பார்.

"விளம்பரத்துக்கு நீயே எழுது. உனக்குத்தான் எழுத வரும்" என்றார்.

மதியம் உட்கார்ந்து எழுதினேன். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. டீசல். ஒரே உரிமையாளர். மலைப் பாதைக்காக ஸ்பிரிங் பட்டை மாற்றி, ஏறக்குறைய ஒரு சாண் உயர்த்திக் கட்டியது. பெரிய டயர். நடுவில் ஒரு சீட், பின்னால் எதிரெதிரே இரண்டு பெஞ்சு. சித்திரையோடு ஆர்.சி. முடிகிறது. பின்பக்கம் இடதுபுறம் ஏறுவதற்கு ஒரு இரும்புப் படி.

படியைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டேன். அதற்காக யாரும் வண்டி வாங்கப்போவதில்லை. வண்டியை உயர்த்திக் கொண்டுவந்த அன்று ஏறத் தெரியாமல் நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைப் பார்த்துவிட்டுப் பரமன் பழைய ஜன்னல் கம்பியை வெட்டி வெல்டிங் வைத்த படி அது. "மதினி படி" என்று அதற்குப் பெயரும் வைத்தான். பரமன் இவருடைய தம்பி. கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடேயே இருந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவன். போன ஐப்பசி மழையில் நெஞ்சுவலி வந்து போய்விட்டான். தோட்டத்தை இப்போது குத்தகைக்கு விட்டாயிற்று. வண்டிக்கு வேலை இல்லை.

எழுதியதை இவர் வாங்கிப் படித்தார். "பின் கதவுல சத்தம் வரும். அதையும் போடு. வாங்குறவன்கிட்ட மறைக்கக் கூடாது."

எனக்கு எந்தச் சத்தமும் கேட்டதில்லை. எழுதிக்கொடுத்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

தபாலாபீஸில் காலை முழுக்க சிக்னல் இல்லை. என்னிடம் பணம் எடுக்க வந்தவர்கள் கைரேகை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாராயி அக்கா மட்டும் எழுந்து போய்ச் சத்துணவுக்கூடத்தில் சோறு வடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். "போஸ்ட்டக்கா, ஒன் மிஷினு என் அடுப்ப விட மோசம். அது ஊதுனாலாவது எரியும்" என்றாள். சிரித்தேன். பிறகு அவளைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தேன். மூச்சு வாங்குகிறது அவளுக்கு. கீழே போய்க் காட்டச் சொன்னேன். தைப்பூசம் கழியட்டும் என்றாள்.

சாயங்காலம் சிக்கந்தர் பாய் போன் செய்தார். திண்டுக்கல்லில் பழைய வண்டி வாங்கி விற்கும் தரகர், இவருக்குப் பழக்கம்.

"தங்கச்சி, விளம்பரம் நீங்க எழுதுனதா? பின் கதவு சத்தம் வரும்னு எவனாச்சும் காசு குடுத்துப் போடுவானா? பொண்ணு குறட்டை விடும்னு கல்யாணப் பத்திரிகையில அடிச்ச மாதிரி இருக்கு."

"இவர்தான் போடச் சொன்னார் பாய்."

"அவரு சொல்லுவாரு. அந்த வரிய நான் எடுத்துட்டேன்."

ஜனவரி 26, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு வந்தபோது வாசலில் இரண்டு இளைஞர்கள் நின்றிருந்தார்கள். கோயம்புத்தூர். பாய் அனுப்பியவர்கள். விடுமுறை நாட்களில் சேற்றிலும் பாறையிலும் வண்டி ஓட்டுவதற்கென்றே ஒரு கூட்டமாம். தார் ரோடு முடிகிற முக்கில் தங்கள் காரை நிறுத்திவிட்டு, ஓடையைத் தாண்டி, மேலே எங்கள் சுனைக்காடு வரை நடந்தே வந்திருக்கிறார்கள். வியர்வையோடு படுத்துக்கொண்டு வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தார்கள். வண்டியின் உயரத்தைப் பார்த்து ஒருவன் விசிலடித்தான்.

"அங்கிள், இத எங்க பண்ணீங்க? செம்மயா இருக்கு."

"நானும் என் தம்பியும். இந்த வாசல்லதான். ஜாக்கி வச்சு, பலாமரத்துல செயின் கட்டி."

இவரை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓடை வரை போய்விட்டு வந்தார்கள். வந்ததும் ஒருவன், எவ்வளவு தண்ணீரில் இறங்கும் என்று கேட்டான். இவர் முகம் மாறியது. கதை ஆரம்பித்துவிட்டது.

"எவ்வளவு தண்ணியா? ஐப்பசியில ஓடையில இடுப்பளவு போச்சு தம்பி. வேற வண்டின்னா இந்தப் பக்கமே நின்னுருக்கும். பின்னால என் தம்பி படுத்துருக்கான், நெஞ்சுவலி..."

டீ போடப் போனேன்.

டம்ளர்களோடு வந்தபோது கதை முடிந்திருந்தது. ஒருவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவன் மெதுவாக, "அப்போ அவர் வண்டியிலயா அங்கிள்..." என்றான்.

"இல்லேல்ல. ஆஸ்பத்திரியிலதான். மூச்சோட கொண்டு போய்ச் சேத்தேன்."

வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்று போனார்கள். போகும்போது ஒருவன் பின்பெஞ்சை ஒருமுறை எட்டிப் பார்த்தான்.

ஜனவரி 28, செவ்வாய்

கோயம்புத்தூர் வேண்டாம் என்றுவிட்டது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லையாம்.

ஜனவரி 30, வியாழன்

இவர் வண்டியைக் கீழே மெக்கானிக்கிடம் கொண்டுபோய் வந்தார். பின் கதவுக்காக. மெக்கானிக் ரொம்ப தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, சத்தமே இல்லையே என்றிருக்கிறார். இவர் விடவில்லை. ரப்பர் மாற்றி, தாழ்ப்பாளில் பழைய டியூபை வெட்டிச் சுற்றச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மார்கழியில் ஒருமுறை இதேபோல் மாற்றியது. அதற்கு முன் கார்த்திகையில் கம்பளித் துணி வைத்து ஒட்டினார்.

"இப்பக் கேக்குதா?" என்றேன்.

"குழியில விழும்போது கேக்குது."

எனக்குக் கேட்பதில்லை என்று சொல்ல வந்தேன். நான் அந்த வண்டியில் ஏறி மூன்று மாதம் ஆகிறது. எனவே சொல்லவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

நத்தத்திலிருந்து ஒரு குடும்பம். மாந்தோப்புக்காரர், அவர் மனைவி. பாயும் கூடவே வந்தார். வரும்போதே இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, கும்புட்டுக் கேட்டுக்கறேன். தண்ணி, டயரு, மைலேஜ். அதோட நிறுத்திக்கங்க. அந்தக் கதை வேண்டாம்" என்றார். இவர் தலையாட்டினார்.

தோப்புக்காரருக்கு வண்டி பிடித்துவிட்டது. சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார், ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தார். மனைவி மதினி படியில் ஏறி, "இது நல்லாருக்கே, எங்கத்தைக்கும் ஆகும்" என்றார். பாய் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். முடிந்தது என்று அர்த்தம்.

"உயரம் ஜாஸ்தியோ? வளைவுல சாயுமா?" என்று தோப்புக்காரர் கேட்டார்.

அவ்வளவுதான். "சாயுமாவா? அன்னைக்கு, ராத்திரி மாதிரி இருட்டுன மழை. மத்தியானம் மூணு மணி. ஓடையில..."

பால் பொங்கிவிடும் என்று உள்ளே போனேன். பால் அடுப்பிலேயே இல்லை. அடுப்படியில் நின்றால் எல்லாம் கேட்கும். பாய் நடுநடுவே இருமியதும் கேட்டது.

தோப்புக்காரர் மனைவி உள்ளே வந்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடிக்கவில்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா, ஆம்பளைங்க என்னமும் பேசுவாங்க. நீங்க சொல்லுங்க. பிள்ளைங்க ஏறி எறங்குற வண்டி. அதுல ஒண்ணும் நடக்கலேல்ல?"

"ஆஸ்பத்திரியிலதான்" என்றேன்.

என் முகத்தில் என்ன பார்த்தார் என்று தெரியவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனார். வெளியே போனதும் கணவரிடம், "அமாவாசை போகட்டும், பாத்துக்கலாம்" என்றார். அமாவாசை போன புதன்கிழமைதான் போனது.

பாய் கிளம்பும்போது என்னிடம் மட்டும், "வண்டிய விக்க வந்தாரா, தம்பிக்குப் படம் தொறக்க வந்தாரா தங்கச்சி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

மூன்று நாளாக எழுதுவதா வேண்டாமா என்று இருக்கிறேன். எழுதினால் ஒன்றும் ஆகிவிடாது. இவர் என் நோட்டைத் தொடமாட்டார்.

அன்று பரமனை நடு சீட்டுக்குப் பின்னால், இரண்டு பெஞ்சுக்கும் இடையில், தரையில் மெத்தை போட்டுப் படுக்கவைத்தோம். நான் சீட்டில் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் உயரமானவன். கால் பின் கதவு வரை போனது. குழியில் விழும்போதெல்லாம் முழங்காலை மடக்கிக்கொண்டு, "மதினி, அண்ணன மெதுவாப் போகச் சொல்லுங்க" என்றான். அனுமார் பாறை வரை பேசினான்.

அனுமார் பாறை ஓடைக்கு முன்னால் இருக்கிறது.

பாறையைத் தாண்டியதும் என் கையைப் பிடித்திருந்த அவன் கை விட்டது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். கழுத்தில் வைத்துப் பார்த்தேன். முன்னால் இவர் வண்டியை ஓடைக்கரையில் நிறுத்தி, தண்ணீரைப் பார்த்துவிட்டு, திரும்பாமலே கேட்டார்: "எப்படி இருக்கான்?"

"மூச்சு இருக்கு. போங்க" என்றேன்.

இறக்கினார். வண்டி ஒருபக்கமாக இழுத்தது, தண்ணீர் கதவுக்குள் வந்தது. மூவரையும் வண்டியோடு அடித்துக்கொண்டு போயிருக்கும். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது உட்கார்ந்து காரணம் எழுதமுடியும். அப்போது காரணம் ஏதும் இல்லை. வாயில் வந்தது அதுதான். கீழே போய்ச் சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வருவதற்குள் டாக்டர் பார்த்துவிட்டார். என்னிடம் சொன்னார். நான் இவரிடம், உள்ளே கொண்டுபோன பிறகுதான் உயிர் போனது என்றேன். காகிதமெல்லாம் நானே வாங்கி வைத்தேன். இவர் எதையும் கேட்கவில்லை.

மறுநாள் ஆம்புலன்ஸ் தார் முக்கோடு நின்றுவிட்டது. ஓடைத் தண்ணீர் வடிந்திருந்தது. இவருடைய வண்டி அங்கேயேதான் நின்றது. அதில் ஏற்றலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். இவர் விடவில்லை. "அவன் இந்த வண்டியில உசுரோட எறங்குனவன். அது அப்படியே இருக்கட்டும்" என்றார். எட்டுப் பேர் டோலி கட்டித் தோளில் தூக்கி வந்தார்கள். பின்னாலேயே இவர் காலி வண்டியை ஓட்டி வந்தார்.

இவருக்குத் தம்பியென்று மிச்சம் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். மூச்சோட கொண்டு போய்ச் சேத்தேன். அதைக் கொடுத்தது நான். யாராவது வண்டி வாங்க வந்து சரியான கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்டால் அது போய்விடும். வண்டி போக வேண்டும், அது இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பாய் போனில், "ஒரு பார்ட்டி இருக்கு. ராசி, சகுனம் ஒண்ணும் பாக்கமாட்டான். கதை எவ்வளவு வேணும்னாலும் சொல்லிக்கங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னதால் சந்தேகமாக இருந்தது.

வந்தவர் பெயர் ஆரோக்கியம். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் ஜெபமாலை, நல்ல பருமன். மேட்டில் நடந்து வந்த களைப்பில் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தார். வண்டியின் அடியைப் பார்க்கவில்லை. பின் கதவைத் திறந்து, கையை விரித்து விரித்து நீளத்தை அளந்தார்.

"அண்ணே, என்ன உபயோகத்துக்கு?" என்றார் இவர்.

"அமரர் ஊர்தி விடறேண்ணே. ஃப்ரீசர் பாக்ஸும் இருக்கு. மூணு வண்டி ஓடுது. மலைக்குத்தான் வண்டியில்ல. தார் முக்குல எறக்கி வச்சுட்டு வந்துடறோம். சனம் டோலி கட்டித் தூக்கிட்டுப் போகுது. பாக்கச் சங்கடமா இருக்கும். இந்த உசரம் இருந்தா வீட்டு வாசல் வரைக்கும் வந்துரும்ல. ஏசி இல்லையேன்னு நம்ம ஆளுங்க சண்டைக்கு வரமாட்டாங்க."

அவர் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

"இது உசுரக் கொண்டு போன வண்டி. பொணம் தூக்கக் குடுக்கமாட்டேன்."

இன்று முதல்முறையாக இவர் கதையைச் சொல்லவில்லை. எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். நான் ஆரோக்கியத்துக்கு டீ கொடுத்தேன். தப்பாக நினைக்கவேண்டாம் என்றேன்.

"இதுல என்னக்கா இருக்கு. நான் போற எடத்துல யாரு என்னைய வாங்கன்னு கூப்பிட்டிருக்கா" என்றார். டீ நன்றாக இருந்ததாகச் சொன்னார். தன் கார்டை ஜன்னலில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். ஆபீஸ் இல்லை. வடை சுட்டேன். இவர் பின் கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டார்.

பிப்ரவரி 14, வெள்ளி

மாராயி அக்காவுக்கு நேற்றுக் காலை மூச்சு முட்டியது. பால் ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார்கள். இன்று மதியம் போய்விட்டாள் என்று போன் வந்தது. தைப்பூசம் கழிந்துதான் போயிருக்கிறாள்.

பிப்ரவரி 15, சனி

காலையில் மாராயியின் புருஷன் பொன்னையா எங்கள் வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உடம்பு தார் முக்குக்கு வந்துகொண்டிருக்கிறது என்றார். பால் ஜீப்காரன் பால் ஏற்றுகிற வண்டியில் முடியாது என்றுவிட்டானாம். எங்கள் வண்டியை ஒருமுறை பார்த்தார். அது கழுவித் துடைத்து, பலாமரத்து நிழலில் நின்றது. பிறகு இவரைப் பார்த்து, "கயிறு இருக்குமாப்பா? டோலிக்குப் பத்தல" என்றார்.

இவர் வண்டிக்குள் ஏறி, சீட்டுக்கு அடியிலிருந்து கயிற்றை எடுத்துக் கொடுத்தார். எடுத்துக் கொடுத்துவிட்டு அவருடனேயே நடந்தார்.

நானும் போனேன். பெண்கள் ஓடை வரைதான் போவோம். ஊரில் இப்போது தோள் கொடுக்க ஆள் இல்லை. இளவட்டமெல்லாம் திருப்பூரில் இருக்கிறது. தூக்கியவர்களில் பாதிப்பேர் பொன்னையா வயது. ஆறு பேர்தான் சேர்ந்தார்கள். தார் முக்கில் உடம்பை இறக்கிய வண்டிக்காரரும் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு முனையைப் பிடித்திருந்தார். ஓடைக்கு வந்தபோதுதான் அவர் யார் என்று தெரிந்தது. ஆரோக்கியம். அவருக்கு எதிர்முனையில் இவர்.

ஓடையில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். பாசி. நடுவில் பொன்னையாவின் தம்பிக்குக் கால் வழுக்கியது. டோலி சாய்ந்தது. மாராயியின் கால் துணியிலிருந்து வெளியே வந்து பாறையில் இடித்தது. அந்தச் சத்தம் கரையில் நின்ற எனக்குக் கேட்டது. இவர் கழுத்தைக் கொடுத்துப் பாரத்தை வாங்கி நிமிர்த்தினார். இவரும் ஆரோக்கியமும்தான் அப்போது தாங்கியது.

பொன்னையா பின்னால் வந்து அந்தக் காலைத் துணிக்குள் வைத்து, மேலே கயிற்றைச் சுற்றினார். "வலிக்கப் போவுதா இனி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் மெதுவாகத்தான் சுற்றினார்.

வீட்டுக்கு வந்து குளித்த பிறகு இவர் தோளைப் பார்த்தேன். கம்பு பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. தேங்காயெண்ணெய் தடவினேன். திரும்பி உட்கார்ந்திருந்ததால் முகம் தெரியவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

வண்டியைக் கழுவவில்லை.

பத்து மணிக்கு, "அந்த ஆரோக்கியம் கார்டு எங்க வச்ச?" என்றார். ஜன்னலில் அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

விலையைப் பற்றி இரண்டு பேரும் பேசியதாகத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். சுனைக்காட்டு ஆட்களுக்கு வாடகை வாங்கக்கூடாது என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, "டீசல் வாங்கிக்க" என்றார் இவர்.

எனக்கு நிம்மதியாக இருக்கவேண்டும். வண்டி போகிறது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மாவு ஆட்டினேன். இரண்டு படி அரிசி போட்டுவிட்டேன், எதற்கென்று தெரியவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

மாராயியின் கணக்கை முடிக்கப் பொன்னையா வந்தார். கைரேகை முதல் தடவையிலேயே விழுந்தது. "அவ இருந்தா ஒன் மிஷினுக்குப் புத்தி வந்துருச்சுன்னு சொல்லிருப்பா" என்றார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஆரோக்கியம் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். பாய் எல்லாத் தாளிலும் கையெழுத்து வாங்கினார். ராகுகாலம் சாயங்காலம்தான், சாவியை இப்போதே கொடுத்துவிடலாம் என்றேன். ஆரோக்கியம், "நமக்கு எல்லாக் காலமும் ஒண்ணுதான்க்கா" என்றார்.

டீக்குப் பால் வைத்திருந்தேன். வாசலில் நின்று டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆரோக்கியம் பின் கதவைத் திறந்து வைத்திருந்தார். இவர் பக்கத்தில் போய் நின்றார்.

"நடு சீட்டக் கழட்டிரு" என்றார் இவர்.

"எதுக்குண்ணே? பெஞ்சுக்கு நடுவுல போட்டா எடம் இருக்கே. கூட வர்றவங்க சீட்டுல உக்காந்துக்கலாம்."

"நீளம் பத்தாது. கால் கதவுல இடிக்கும்."

"கொஞ்சம் மடக்கி வச்சுக்கலாம்ணே."

"உசுரோட இருக்கறவன்தான் மடக்கிக்குவான்."

கதைதான் ஆரம்பிக்கிறதோ என்று நினைத்தேன். உள்ளே பால் பொங்கும் சத்தம் கேட்டது. நான் போகவில்லை.

இவர் கதவின் உள்பக்கத்தைக் கையால் தொட்டுக் காட்டினார். ஒரு முழங்கால் உயரத்தில், புது ரப்பருக்குக் கீழே. "இங்க இடிக்கும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு தடவ. மொதல்ல குழியில விழுந்தா ஒரு சத்தம் வரும், அப்பறம் மடக்கிக்குவான், வராது. பொறவு நிக்காம இடிச்சுக்கிட்டே வரும். பின்னால உக்காந்துருக்கவங்களுக்குத் தெரியாது. தலையப் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க. ஓட்டுறவனுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கும்."

இவர் கையை எடுக்காமலே, "அனுமார் பாறையிலேருந்து கீழ வரைக்கும்" என்றார்.

கதவைச் சாத்தினார். ஒரு தடவையில் சாத்திக்கொண்டது.

ஆரோக்கியம் என்னைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். இத்தனை வருடத் தொழிலில் எங்கே பார்க்கவேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார். "கழட்டிடறேண்ணே" என்றார்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. வரக்காப்பிதான் கொடுத்தேன். பாய், "என்ன தங்கச்சி, வண்டி வித்த வீட்டுல பால் பொங்குனா நல்லதுதான்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

கிளம்பும்போது மதினி படியை வெட்டி எடுத்துத் தரட்டுமா என்று இவர் என்னிடம் கேட்டார். தூக்கி ஏற்றுகிறவர்களுக்குக் கால் வைக்க ஆகும், இருக்கட்டும் என்றேன். வண்டி இறங்கிப் போனது. ஓடையில் இறங்கும் சத்தம் கேட்டது, ஏறும் சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

மத்தியானம் சாப்பிடும்போது இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ஓடைக்கரையில வச்சு நீ திரும்புங்கன்னு சொல்லியிருந்தா திரும்பியிருப்பேன். அவன நானே கொண்டாந்து வீட்டுல போட்ட மாதிரி ஆயிருக்கும்."

ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லவேளை சொல்லல" என்றார்.

"ரசம் ஊத்தவா?" என்றேன்.

"ஊத்து."

மார்ச் 9, ஞாயிறு

பலாமரத்தடியில் டயர் நின்ற இடம் நான்கு பள்ளமாக இருக்கிறது. கோழி ஒன்று அதில் மண்ணைக் கிளறிப் படுத்துக்கொள்கிறது. இவர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார். இன்று சமையல்கட்டுக் கூரையில் ஓடு மாற்றினார்.

சாயங்காலம் ஆரோக்கியம் போன் செய்தார். பக்கத்து மலையில் ஒரு பெரியவர், முதல் சவாரி, வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் இறக்கியாயிற்று என்றார். பாதை நம் பாதையைவிட மோசமாம். அந்த வீட்டுக்காரர்கள் வண்டிக்கு மாலை போட்டார்களாம், கழற்ற மனமில்லாமல் அப்படியே ஓட்டிக்கொண்டு வந்ததாகவும், வழியில் யாரோ கல்யாண வண்டி என்று நினைத்துக் கைகாட்டியதாகவும் சொல்லிச் சிரித்தார். இவரும் சிரித்தார்.

பிறகு கேட்டார்: "பின் கதவு சத்தம் போட்டுச்சா?"

போன் சத்தமாக இருந்ததால் எனக்கும் கேட்டது. "இல்லண்ணே. சீட்டக் கழட்டிட்டோம்ல. நல்லா கால நீட்டிப் படுத்துக்கிட்டு வந்தாரு. ஒரு சத்தமும் இல்ல."

"சரி" என்று இவர் போனை வைத்தார். ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்தார். கை கழுவினார். "ஒரு டீ போடேன்" என்றார்.

"இன்னிக்கு நீங்க போடுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை அதிகம். இருவரும் குடித்தோம்.